மாலோ ஊர் மைனர்கள் மீனாட்சியிடம் வந்த கதை

எதிர் வீட்டுப் பெண் இரண்டாம் படிவம் படிக்கிறாள். சனிக்கிழமை காலையானால் அவள் அப்பா அவளைக் கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு வயலின் வகுப்புக்குக் கூட்டிப் போய்விடுவார். மாலையில் அவள் பழகுவது எங்கள் வீட்டு முன்னறை வரை கேட்கும். சரளி வரிசை கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாருக்குமே மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஒரு துள்ளலான பாட்டு கேட்கத் தொடங்கியது. முத்துசுவாமி தீட்சிதரின் ‘வந்தே மீனாட்சி’. நோட்டு சுவரம் என்பார்களே, அந்த வகை.

போன வாரம் கைப்பேசியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

“அங்கிள், இதைக் கேளுங்க. அயர்லாந்துல ஒரு சாப்பாட்டுக் கடையில வாசிக்கிறாங்க. நம்ம மீனாட்சி பாட்டு!”

கேட்டேன். பிடில், புல்லாங்குழல், ஒரு கைப்பறை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மெட்டு அதேதான். வேகம் மட்டும் இரண்டு மடங்கு.

“நம்ம பாட்டை அவங்க எடுத்துக்கிட்டாங்களா, அவங்க பாட்டை நாம திருடிட்டோமா?” என்று கேட்டாள். பதிமூன்று, பதினாலு வயதில் வருகிற கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும்கூட. அவளுக்கு வேலியோரம் சொன்னதையும், பிறகு யோசித்ததையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர். அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில் மாலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்குள்ள வெந்நீர் ஊற்று பிரபலம். நோய் தீரும் என்று பணக்காரர்கள் வந்து தங்குவார்கள். பணக்காரர்கள் வந்தால் பின்னாலேயே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தீர்த்துக்கொள்ள நோய் எதுவும் இல்லை. செலவழிக்கப் பணம் மட்டும் இருந்தது. குடி, ஆட்டம், சூது, ராத்திரியில் அடுத்தவன் வீட்டுச் சன்னலை உடைப்பது, கடனைக் கேட்டு வந்தவனை அடித்து விரட்டுவது. நம் ஊரில் இப்படிப்பட்டவனுக்கு ஒரு பெயர் உண்டு: மைனர். ஆங்கிலத்தில் ‘ரேக்’. அவர்களைப் பற்றி எழுந்த பாட்டுதான் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’, அதாவது மாலோ ஊர் மைனர்கள். 1740-களிலேயே லண்டனில் அச்சில் வந்துவிட்டது.

அந்த மெட்டில்தான் தீட்சிதர் மதுரை மீனாட்சியை வணங்கியிருக்கிறார். நான் முதன்முதலில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கடன்காரனை அடித்துவிட்டு ஓடியவர்களின் பாட்டு, எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வந்து, அம்மன் சந்நிதியில் கை கூப்பி நிற்கிறது.

எப்படி வந்தது? கப்பலில்தான். கிழக்கிந்தியக் கும்பினியின் படைகளோடு வாத்தியக்காரர்களும் வந்தார்கள். குழலும் தம்பூருமாக அணிவகுப்பில் அவர்கள் வாசித்தவற்றில் ஆங்கிலப் பாட்டும் உண்டு, ஸ்காட்லாந்துப் பாட்டும் உண்டு, அயர்லாந்துப் பாட்டும் உண்டு. சிப்பாய்க்கு நடை சரியாக வரவேண்டும். மெட்டு எந்த ஊர் என்பது அவனுக்கு முக்கியமில்லை.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இளமையில் சில காலம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்தார். அப்பா இராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தவர்கள் மணலி முதலியார் குடும்பத்தார்; கும்பினிக்குத் துபாஷிகளாக இருந்தவர்கள். துபாஷி என்றால் இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவர். வெங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் வாத்தியக் குழுவைக் கேட்க வைத்தார் என்பது குடும்ப வழியாக வந்த செய்தி. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தக் குழுவில் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். நம் சங்கீதத்தில் வயலின் நுழைந்த முதல் வாசல்களில் அது ஒன்று. எதிர் வீட்டுப் பெண்ணின் தோளில் இன்று உட்கார்ந்திருக்கும் கருவி, அந்தக் கோட்டை மதில் வழியாகத்தான் வந்திருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் அதைப் ‘பிடில்’ என்பார்கள். அயர்லாந்துக்காரர்களும் இன்றைக்கு வரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அண்ணன் மெட்டுகளை எடுத்து சமஸ்கிருதச் சொல் போட்டார். அவர் பெயரில் வழங்கும் நோட்டு சுவரங்கள் சுமார் 40. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. ‘சியாமளே மீனாட்சி’ பாலர் பள்ளியில் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’; அது பிரெஞ்சு மெட்டு. இவற்றைச் சிலர் பெரியவரின் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கமகம் இல்லாமல், நேர்கோடாகச் சங்கராபரணச் சுரங்களில் ஓடுவதால் குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1905-இல் இவற்றைச் சேர்த்தது ஆரம்பப் பாடப் புத்தகத்தில்தான். 120 ஆண்டு கழித்தும் கிள்ளானில் அது வேலை செய்கிறது.

இனி ‘ரீல்’ பற்றிக் கொஞ்சம். அயர்லாந்து நடன இசையில் அதுதான் முதலிடத்தில் இருக்கும் வகை. தாளம் நமக்குப் புதிதல்ல: தகதிமி தகதிமி என்று எட்டெட்டாக ஓடும். தகிட தகிட என்று ஓடினால் அது ‘ஜிக்’. ரீலில் பெரும்பாலும் இரண்டு பகுதி. முதல் பகுதியை இரண்டு முறை வாசிப்பார்கள். இரண்டாம் பகுதி கொஞ்சம் மேலே ஏறும், நம் அனுபல்லவி ஏறுகிற மாதிரி. அதையும் இரண்டு முறை. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. ஆடுகிறவர் களைக்கும் வரை இது நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மாலோ மைனர்களைச் சிலர் ரீல் என்கிறார்கள், சிலர் போல்கா என்கிறார்கள். சண்டை தீரவில்லை. தீராது.

ஆனால் ரீல் பிறந்தது அயர்லாந்திலும் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தாண்டி வந்து, அயர்லாந்துக்காரர்கள் கையில் வேறு பேச்சு பேசக் கற்றுக்கொண்டது. இதற்கு நல்ல உதாரணம் இன்னொரு நோட்டு சுவரம்: ‘ஜகதீச குருகுஹ’. இதன் மெட்டு ‘லார்ட் மெக்டொனால்ட் ரீல்’ என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் பெயரில் உள்ள ரீல். அமெரிக்க நாட்டுப்புறத்தில் இதே ரீலுக்கு ‘தோல் கால்சட்டை’ என்று பெயர். ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன மைக்கேல் கோல்மன் என்ற பிடில்காரர் இதை இசைத்தட்டில் வாசித்தார். அந்தத் தட்டு திரும்ப அயர்லாந்துக்கே போய், ஊரில் இருந்தவர்கள் அதைக் கேட்டு வாசிக்கப் பழகினார்கள். பிரபு, குடியானவன், பிழைக்கப் போனவன், திருவாரூர் சங்கீத வித்துவான். நாலு பேருக்கும் ஒரே மெட்டு. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது.

திருட்டா என்று கேட்டாளே, அதற்கு வருகிறேன். தீட்சிதர் மறைக்கவில்லை. ‘நோட்டு’ என்ற ஆங்கிலச் சொல்லையே அந்த வகைக்குப் பெயராக வைத்துவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? இரவல் வாங்கிய வீட்டின் பெயர் பாட்டின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. இதே வழியில் பிற்காலத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பியது ‘இங்கிலீஷ் நோட்டு’. இங்கே கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது நாதசுவரக்காரர் அதை எடுத்தாரென்றால், இலையிலிருந்து நிமிர்ந்து பார்க்காத ஆள் கிடையாது.

அவ்வளவு ஏன், நம் தேசிய கீதத்தின் மெட்டே பேராக் மாநில கீதத்திலிருந்து வந்தது. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று கேட்டால், சுல்தான் அப்துல்லா நாடு கடத்தப்பட்டிருந்த சீஷெல்ஸ் தீவையும் ஒரு பிரெஞ்சுப் பாட்டையும் காட்டுவார்கள். அதனால் ‘நெகாராகூ’ ஒலிக்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிவது குறைந்துவிட்டதா? இல்லை.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இதுவரை திருப்தி. ஆனால் அவள் அடுத்துக் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. “இதெல்லாம் எப்படி அங்கிள் இவ்வளவு விவரமா தெரியுது?”

தெரிவதற்குக் காரணம், யாரோ எழுதி வைத்தார்கள். அயர்லாந்து ரீல்களைப் பொறுத்தவரை அந்த யாரோ ஒரு போலீஸ்காரர்.

பிரான்சிஸ் ஓனீல் 1848-இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தார். அந்த நாட்டின் பெரும் பஞ்சத்தின் நடுவே. உருளைக்கிழங்கு அழுகிப்போன அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். ஓனீலும் பதினாறு வயதிலேயே கடலுக்கு ஓடிவிட்டார். பசிபிக் கடலில் அவருடைய கப்பல் உடைந்தது. ஒரு தீவில் ஒதுங்கியவர்களை வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அதில் சாப்பாடு அளந்துதான். ஹவாய்த் தீவுக்காரரான மாலுமி ஒருவரிடம் நல்ல புல்லாங்குழல் இருந்தது. ஓனீல் அதை வாங்கி ஊர்ப் பாட்டு வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த மாலுமி தன் பங்குச் சாப்பாட்டை அவரோடு பகிர்ந்துகொண்டார். கரை சேர்ந்தபோது மற்றவர்களெல்லாம் துவண்டிருக்க, தான் தெம்பாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று ஓனீலே எழுதி வைத்திருக்கிறார். ஒரு மெட்டு சோறு போட்ட கதை.

பிறகு சிகாகோ போலீசில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்த நகரத்துக்கே போலீஸ் தலைவரானார். சிகாகோவில் அயர்லாந்தின் எல்லா மாவட்டத்து ஆட்களும் பிழைக்க வந்து குவிந்திருந்தார்கள். கிழவர்கள் செத்தால் பாட்டும் செத்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு சிக்கல்: அவருக்குப் பாட்டு வரும், சுரம் எழுதத் தெரியாது. இன்னொரு ஓனீல், அவரும் போலீஸ்காரர்தான், பெயர் ஜேம்ஸ், கேட்டு எழுதினார். 1903-இல் வந்த ‘அயர்லாந்தின் இசை’ தொகுப்பில் 1,850 மெட்டுகள். 1907-இல் நடன மெட்டுகள் மட்டும் 1,001. அந்தப் புத்தகம் திரும்பக் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போயிற்று. இன்று அந்தக் கைப்பேசிக் காணொளியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஏட்டைப் பார்க்காமல் வாசிக்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னால் எங்கோ அந்தப் போலீஸ்காரரும் நிற்கிறார்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு என் பாட்டி நினைவு வந்தது.

பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரக் காடு, மத்தியானம் பால் நிறுவை. ராத்திரி லயத்துத் திண்ணையில் பாடுவார். கப்பல் பாட்டு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. இந்த வட்டாரத்துக்குத் தனி வரலாறு உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் அமைந்தது. ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை அமைத்தார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் ஆட்கள் வாயில் புழங்கிய தமிழ்ச் சொல் அப்படியே அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அந்தத் துரை பிற்பாடு ‘மலேசி’ என்று நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூரும் வாங்கினார். துரையின் எழுத்து நூலகத்தில் இருக்கிறது. செம்பனை எத்தனை ஏக்கர் என்ற கணக்கு கம்பெனியில் இருக்கிறது. மரத்தடியில் பாடிய பாட்டு?

சிலர் சேகரித்திருக்கிறார்கள், ஆய்வேடுகளும் வந்திருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் சொற்களைத்தான் எழுதினார்கள். மெட்டை எழுதவில்லை. ஏட்டில் இருக்கும் தெம்மாங்கைப் படிக்கலாம், பாட முடியாது. மாலோ மைனர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர்: சொல் மாறிப்போயிற்று, மெட்டு தப்பித்துக்கொண்டது.

நைஜல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். லயம் போயிற்று, ஆட்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். திண்ணை இல்லாத வீட்டில் திண்ணைப் பாட்டு எங்கே உட்காரும்? இதில் ஒன்று மட்டும் மிச்சம்: உறுமி மேளம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஈஜோக் பக்கம் போனால் பையன்கள் பழகுவது கேட்கும். சத்தம் என்று திட்டுகிறவர்கள் நிறைய பேர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஏட்டைப் பார்க்காமல், காதால் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்து வாசிக்கிறார்கள். அயர்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் நடப்பதும் இதேதான்.

பாட்டியின் பாட்டுகளில் ஒன்று எனக்கு மெட்டாக மட்டும் ஞாபகம் இருக்கிறது. தகதிமி தகதிமி என்று ஓடும். சொல் ஒன்றுகூட இல்லை. பாட்டியின் தங்கை மகள், எனக்குச் சின்னம்மா முறை, பெஸ்தாரி ஜெயாவில் அடுக்குமாடியில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பிடிலும் கூட வந்தது.

“எதுக்குப்பா இதெல்லாம்? காலு வலிக்குதுன்னு சொன்னா ஒருத்தனும் வர மாட்டான், பாட்டுப் பாடுன்னா காரு எடுத்துக்கிட்டு வரீங்க” என்றார் சின்னம்மா. நியாயமான பேச்சு. முதலில் தைலம் தேய்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பிறகுதான் கைப்பேசியை மேசையில் வைத்தோம்.

நான் மெட்டை முனகியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். பால் நிறுவையில் எடையைக் குறைத்து எழுதும் கிராணியைப் பற்றிய கேலிப் பாட்டாம். நாலு அடி பாடினார். நடுவில் ஒரு தோட்டத்தின் பெயர் வந்தது. அது பாட்டி இருந்த தோட்டம் இல்லையே என்றேன். “நாங்க ராஜா மூசாவுக்கு மாறி வந்தப்ப பேரை மாத்திக்கிட்டோம். அங்கயும் கிராணி இருந்தான்ல” என்றார். ஐந்தாம் அடி வரவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வரவேயில்லை.

பெண் பிடிலை எடுத்து, கேட்டதை வாசித்துப் பார்த்தாள். சுரம் சரியாகத்தான் இருந்தது. சின்னம்மா தலையை ஆட்டினார்.

“அப்படி நேரா போகாத ஆயா. அந்த இடத்துல கொஞ்சம் இழுக்கணும். பால் வாளி தோள்ல இருக்குல்ல, அந்தப் பாரத்தோட பாடுறது.”

அவள் மறுபடி வாசித்தாள். சின்னம்மா காலைக் கீழே ஊன்றித் தாளம் தட்டினார். மூன்றாம் முறை வாசித்தபோது, வராமல் இருந்த அந்த ஐந்தாம் அடியை மெதுவாக முனக ஆரம்பித்தார்.